மணப்பெண்ணின் தோழிக்குப் புடவை யார் எடுப்பது?

அமெரிக்காவில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசும்போது, தன் அலுவலகத் தோழியின் கல்யாணத்தில் மணப்பெண்ணுக்குத் துணையாக நிற்கத் தன்னைக் கேட்டிருக்கிறார்கள் என்றாள். அதற்காகக் குறிப்பிட்ட நிறத்தில் ஒரு கவுன் வாங்க வேண்டுமாம். விலையையும் சொன்னாள். என் மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கல்யாண வீட்டுக்காரங்கதானே உனக்கு எடுத்துக் குடுக்கணும்? நீ எதுக்குடி வாங்கணும்?" என்று கேட்டாள். "இங்கே அப்படி இல்லம்மா, நான்தான் வாங்கணும். அதோட போகாது, இன்னும் எத்தனையோ செலவு இருக்கு. 'பிரைட்ஸ்மெய்ட்ஸ்'னு ஒரு படம் இருக்கு, அப்பாவும் நீயும் பாருங்க, எல்லாம் புரியும்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பார்த்தோம். ஒரு முறையல்ல, இரண்டு முறை. நம் சங்கத்து உறுப்பினர்களில் பலருடைய பிள்ளைகள் இன்று வெளிநாட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இப்படி அழைப்புகள் வரும். ஆகையால் அந்தப் படத்தைப் பற்றியும், அதில் வரும் கல்யாண ஏற்பாடுகளைப் பற்றியும் கொஞ்சம் விளக்கமாக எழுதலாம் என்று தோன்றியது. சினிமா விமர்சனம் என் தொழில் அல்ல. நான் டிப்ளமா படித்து, ரயில்வேயில் கேரேஜ் அண்ட் வேகன் பிரிவில் பெட்டிகளைத் தட்டிப் பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

'பிரைட்ஸ்மெய்ட்ஸ்' என்றால் மணப்பெண்ணின் தோழியர். படம் அமெரிக்காவில் 2011 மே 13 அன்று வெளிவந்தது. இயக்குநர் பால் ஃபீக். கதையையும் வசனத்தையும் எழுதியவர்கள் கிறிஸ்டன் விக், ஆனி மமோலோ என்ற இரு பெண்கள். இவர்கள் இருவரும் லாஸ் ஏஞ்சல்ஸில் 'கிரவுண்ட்லிங்ஸ்' என்ற நகைச்சுவை நாடகக் குழுவில் பழகிய சிநேகிதிகள். விக்கே கதாநாயகியாகவும் நடித்திருக்கிறார்.

முதலில் சடங்கைப் புரிந்துகொள்ள வேண்டும். நம்முடைய கல்யாணத்தில் ஒவ்வொரு உறவுக்கும் ஒரு வேலை உண்டு. தாய்மாமன் வராமல் மாலை இல்லை. நாத்தனார் வராமல் மூன்றாவது முடிச்சு இல்லை. மாப்பிள்ளைத் தோழன் என்று பெண்ணின் தம்பியை நிறுத்தி மோதிரம் போடுகிறோம். பெண்ணுக்குத் துணையாகப் பக்கத்தில் நிற்பவளும் பெரும்பாலும் நாத்தனார் முறைதான். அத்தனை பேருக்கும் துணிமணி உண்டு, தாம்பூலம் உண்டு. ஆனால் பெண்ணோடு பதினைந்து வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவளுக்கு மேடையில் என்ன வேலை? ஒன்றுமில்லை. வரிசையில் நின்று, பரிசைக் கையில் கொடுத்து, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு பந்திக்குப் போக வேண்டியதுதான். நம் கல்யாணம் இரத்த உறவுக்கும் சம்பந்த உறவுக்கும் பதவி கொடுக்கிறது, சிநேகத்துக்குக் கொடுக்கவில்லை.

அமெரிக்கக் கல்யாணத்தில் அது தலைகீழ். அங்கே தோழிகளுக்கு அதிகாரபூர்வமான பதவி உண்டு. மணப்பெண் தானே நான்கைந்து பேரைத் தேர்ந்தெடுப்பாள். அவர்களில் ஒருத்தி தலைமைத் தோழி. அவளுக்கு 'மெய்ட் ஆஃப் ஹானர்' என்று பெயர். கவுன் தேர்வுக்குக் கூடப் போவது, 'ஷவர்' என்று பெண்கள் கூடிப் பரிசு கொடுக்கும் விருந்தை நடத்துவது, கல்யாணத்துக்கு முன் தோழிகளெல்லாம் ஓர் உல்லாசப் பயணம் போக ஏற்பாடு செய்வது, விருந்தில் எழுந்து நின்று நாலு நல்ல வார்த்தை பேசுவது, கடைசி நிமிஷத்தில் பெண்ணுக்கு வரும் நடுக்கத்தை ஆற்றுவது வரை எல்லாம் அவள் பொறுப்பு. பதவி உண்டு, மரியாதை உண்டு. ஆனால் செலவு பெரும்பாலும் அவரவர் கைக்காசு. கவுன், விமான டிக்கெட், ஹோட்டல் அறை, பரிசு எல்லாம் சேர்ந்துவிடும். என் மனைவியின் கேள்விக்குப் பதில் இதுதான். இந்தப் பதவி, கையில் காசில்லாத ஒருத்திக்குக் கிடைத்தால் என்ன ஆகும் என்பதே படத்தின் கதை.

கதாநாயகி பெயர் ஆனி. விஸ்கான்சின் மாநிலத்தில் மில்வாக்கி என்ற ஊர்க்காரி. கேக் கடை வைத்திருந்தாள். பொருளாதார மந்தத்தில் கடை மூடப்பட்டது. கடையோடு கூட இருந்தவனும் போய்விட்டான். இப்போது ஒரு நகைக்கடையில் விற்பனைப் பெண் வேலை. நிச்சயதார்த்த மோதிரம் வாங்க வரும் ஜோடிகளிடம், காதல் கடைசிவரை நிலைக்கும் என்று நம்பிவிடாதீர்கள் என்கிற தோரணையில் பேசி வியாபாரத்தைக் கெடுக்கிறாள். இவளுடைய சிறுவயதுத் தோழி லில்லியன். இந்த வேடத்தில் மாயா ருடால்ஃப். படத்தின் ஆரம்பத்தில் இருவரும் ஒரு பூங்காவில் மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, மற்றவர்கள் காசு கொடுத்துச் செய்யும் உடற்பயிற்சி வகுப்பை ஓசியில் செய்கிறார்கள். பிறகு ஓட்டலில் உட்கார்ந்து, பல்லில் தின்பண்டத்தை அப்பிக்கொண்டு ஒருத்தியை ஒருத்தி சிரிக்க வைக்கிறார்கள். இருபது வருஷச் சிநேகத்தை இந்த இரண்டே காட்சிகளில் காட்டிவிடுகிறார்கள்.

லில்லியனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிறது. ஆனி தலைமைத் தோழி. மாப்பிள்ளை வீட்டு வட்டாரம் சிகாகோ, வசதியான இடம். அந்த வட்டாரத்திலிருந்து ஹெலன் என்ற புதுத் தோழி வருகிறாள். மாப்பிள்ளையின் மேலதிகாரியின் மனைவி. அழகு, பணம், எதையும் குறையில்லாமல் நடத்திக் காட்டும் திறமை மூன்றும் உடையவள். ரோஸ் பைர்ன் நடித்திருக்கிறார். ஹெலனுக்கும் லில்லியனுக்கும் பழக்கம் சில மாதங்கள்தான். ஆனால் கல்யாணத்துக்கு வேண்டியதெல்லாம் அவள் கையில் இருக்கிறது. ஆனியின் கையில் இருப்பது பழைய ஞாபகங்கள் மட்டும்.

நிச்சயதார்த்த விருந்தில் இருவரும் பேசுகிற காட்சியை நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். முதலில் ஆனி எழுந்து எளிமையாக நாலு வார்த்தை பேசி உட்காரப் போகிறாள். ஹெலன் மைக்கை வாங்கி, அதைவிட உருக்கமாகப் பேசுகிறாள். ஆனிக்குப் பொறுக்கவில்லை. திரும்ப வாங்குகிறாள். அவள் முடிப்பதற்குள் இவள். இவள் முடிப்பதற்குள் அவள். எங்கள் சிநேகம்தான் பெரிது, இல்லை எங்களுடையதுதான் என்று சபையின் நடுவே ஏலம் நடக்கிறது. கடைசியில் பேச்சு தீர்ந்துபோய்ப் பாட்டில் வந்து முடிகிறது. நம் சங்க ஆண்டு விழாக்களில் வாழ்த்துரை வழங்குபவர்கள் மைக்கை விடாமல் பிடித்துக்கொள்வதைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்தக் காட்சி ஒன்றும் அந்நியமல்ல. இதில் ஒருவர்கூடக் கோபமாக ஒரு சொல் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். இருவர் முகத்திலும் புன்னகை. சண்டை முழுவதும் அன்பு வார்த்தைகளாலேயே நடக்கிறது. நம் வீடுகளில் சம்பந்திகள் பேசிக்கொள்வது மாதிரி.

அடுத்து, எல்லோரும் பேசிப் பேசிப் பிரபலமாக்கிய கவுன் கடைக் காட்சி. முன்னறிவிப்பு: சாப்பிட்டுக்கொண்டே பார்க்க வேண்டாம். கவுன் பார்க்கப் போகுமுன் தோழிகளை ஆனி ஒரு பிரேசில் நாட்டு உணவகத்துக்கு அழைத்துப் போகிறாள். தன் வசதிக்கு ஏற்ற இடம். பிறகு அப்பாயிண்ட்மெண்ட் இல்லாமல் உள்ளே விடாத உயர்தரக் கடை ஒன்று. ஹெலனின் பெயரைச் சொன்னதும் கதவு திறக்கிறது. வெள்ளை மெத்தைகள், வெள்ளைக் கம்பளம். அங்கே, சாப்பிட்ட இறைச்சி வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் ஒவ்வொருத்தியாக ஓடுகிறார்கள். இருப்பது ஒரே கழிவறை. மிச்சத்தை எழுதப் போவதில்லை. மணப்பெண் விலையுயர்ந்த கல்யாணக் கவுனோடு நடுத்தெருவில் உட்கார்ந்துவிடுகிறாள்.

இந்தக் காட்சி முதலில் எழுதிய திரைக்கதையில் கிடையாது. தயாரிப்பாளர் ஜட் அபடோ தரப்பின் யோசனையால் பிறகு சேர்த்தார்கள். வெறும் அருவருப்புக்காகச் சேர்த்தது என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஓடுகிறவர்களை விட்டுவிட்டு ஆனியைப் பாருங்கள். அவளுக்கும் அதே வயிற்று வலிதான். ஆனால் உணவகம் அவள் தேர்ந்தெடுத்தது. சாப்பாட்டில் கோளாறு என்று ஒப்புக்கொண்டால் ஹெலனிடம் தோற்றுப் போவாள். ஆகையால் முகமெல்லாம் வேர்த்து, நிறம் வெளுத்து, தனக்கு ஒன்றுமில்லை, பசிக்கக்கூடச் செய்கிறது என்று சாதிக்கிறாள். பசிக்கிறதா என்று ஹெலன் இனிமையாகச் சர்க்கரை பூசிய பாதாம் பருப்பை நீட்டுகிறாள். ஆனி அதை வாங்கி, அவள் கண்ணெதிரே மென்று விழுங்குகிறாள். அந்த ஒரு பருப்பை அவள் மெல்லுகிற காட்சிக்குத்தான் நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். இல்லாமையை மறைக்க மனிதர்கள் படும் பாட்டை நானும் பார்த்திருக்கிறேன். மாதக் கடைசியில் குவார்ட்டர்ஸுக்கு விருந்தாளி வந்தால், வீட்டில் எல்லாம் இருக்கிற மாதிரி பேசுவோமே, அந்த வேர்வைதான் இது.

படம் நெடுக இந்தக் கணக்குத்தான். தோழிகள் லாஸ் வேகஸ் நகரத்துக்கு விமானத்தில் போகிறார்கள். மற்றவர்கள் முதல் வகுப்பு. ஆனி மட்டும் சாதாரண வகுப்பு, ஏனென்றால் டிக்கெட்டுக்குக் காசில்லை. ஹெலன் தான் கொடுப்பதாகச் சொன்னதை ஏற்க மனமில்லை. விமானப் பயம் வேறு. ஹெலன் கொடுத்த மாத்திரையை மதுவோடு விழுங்கிவிட்டு அவள் பண்ணுகிற ரகளையில், விமானம் வயோமிங் மாநிலத்தில் காஸ்பர் என்ற ஊரில் இறங்கிவிடுகிறது. எல்லோரும் பஸ்ஸில் ஊர் திரும்புகிறார்கள். அந்த பஸ்ஸில்தான் லில்லியன், இனி ஏற்பாடுகளை ஹெலனே பார்த்துக்கொள்ளட்டும் என்று மெல்லச் சொல்கிறாள். பதவி பறிபோயிற்று. விமானத்தில் ஆனிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பயத்தில் நடுங்கும் பெண்ணாக வருபவர் வேறு யாருமல்ல, படத்தை எழுதியவர்களில் ஒருவரான ஆனி மமோலோதான்.

ஒரு பழைய ரயில்வேக்காரன் இங்கே ஒன்று சொல்லாமல் போக முடியாது. மில்வாக்கிக்கும் சிகாகோவுக்கும் இடையே 'ஹயவாதா' என்று நல்ல ரயில் ஓடுகிறது. 86 மைல், அதாவது சுமார் 138 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரப் பயணம். ஆனி அந்த வழியில் தன் பழைய காரையே ஓட்டிக்கொண்டு அலைகிறாள்.

அந்தக் காரின் பின்விளக்கு எரியவில்லை. படத்தில் சின்ன விஷயமாக வருகிறது. எனக்கு மட்டும் அது பெரிய விஷயம். ரோட்ஸ் என்ற போக்குவரத்துக் காவலர் அதற்காக அவளை நிறுத்துகிறார். அவளுடைய பழைய கேக் கடையின் வாடிக்கையாளர் என்று தெரிகிறது. அபராதம் போடாமல், விளக்கைச் சரிசெய்துவிடு என்று சொல்லி அனுப்புகிறார். அவள் செய்யவில்லை. மறுபடி சொல்கிறார். செய்யவில்லை. எங்கள் ரயிலில் கடைசிப் பெட்டிக்குப் பின்னால் பகலில் 'எல்.வி.' என்ற பலகையும் இரவில் சிவப்பு விளக்கும் இருக்கும். வண்டி ஸ்டேஷனைக் கடக்கும்போது அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான், வண்டி முழுசாக வந்து சேர்ந்துவிட்டது என்று ஸ்டேஷன் மாஸ்டர் முந்தைய ஸ்டேஷனுக்குச் சொல்வார். இப்போது பல இடங்களில் அச்சுகளை எண்ணும் கருவி வந்துவிட்டது, என்றாலும் விளக்கு போகவில்லை. அந்த விளக்கைக் காணவில்லை என்றால், பின்னால் ஒரு பெட்டி கழன்று இருட்டில் நின்றுகொண்டிருக்கலாம் என்று அர்த்தம்.  லில்லியனின் வண்டி கல்யாணத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. கழன்று நிற்பது யார் என்று படம் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கழன்றது முழுசாகத் தெரிகிற இடம் ஷவர் விருந்து. லில்லியனுக்குப் பாரிஸ் நகரம் என்றால் ஆசை. அதனால் விருந்தைப் பாரிஸ் பாணியில் நடத்தலாம் என்று முதலில் சொன்னவள் ஆனி. ஹெலன் அதை வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். இப்போது பார்த்தால் ஹெலனின் மாளிகையில் அதே பாரிஸ்! ஆனி தன் கையால் ஒரு பெட்டி செய்து, சிறுவயதில் இருவருக்கும் பிடித்த சின்னச் சின்னச் சாமான்களை அதில் வைத்துக் கொடுக்கிறாள். லில்லியன் மனம் நெகிழ்கிறது. அடுத்த நிமிஷம் ஹெலனின் பரிசு: நிஜமான பாரிஸ் பயணம். ஆனி வெடித்துவிடுகிறாள். மேசை அளவுள்ள பிஸ்கட்டை உடைக்கிறாள், சாக்லேட் ஊற்றோடு மல்லுக்கு நிற்கிறாள். அரங்கமே சிரிக்கும் காட்சி. நான் பார்த்தது பெட்டியை. பணமில்லாதவள் கொடுக்கக்கூடியது அது ஒன்றுதான். அதைக் கொடுத்து முடித்த அடுத்த நிமிஷமே அது சிறியதாகிவிட்டது. கல்யாணத்துக்கு வர வேண்டாம் என்று லில்லியன் சொல்லிவிடுகிறாள். திரும்பும் வழியில் கார் படுத்துவிடுகிறது. உதவிக்கு வருகிறவர் அதே ரோட்ஸ். விளக்கைப் பற்றிச் சொன்னேனே என்று கடிந்துகொள்கிறார்.

என் மனைவி இந்த இடத்தில் சிரிக்கவில்லை. அவள் பொன்மலையில் பிறந்து வளர்ந்தவள். 1987இல் என்னைக் கல்யாணம் செய்துகொண்டு நாக்பூர் வந்தாள். பள்ளிக்கூடத் தோழி ஒருத்தி கல்யாணத்துக்கு முதல் நாள் இரவெல்லாம் உட்கார்ந்து இவளுக்கு மருதாணி வைத்துவிட்டாள், ரவிக்கையின் கொக்கியை மாற்றித் தைத்தாள். முகூர்த்தத்தின்போது அவள் எங்கே நின்றாள் என்று எனக்கு நினைவில்லை. ஆல்பத்தில் ஒரே ஒரு படத்தில், பின்வரிசையில் பாதி முகம் தெரிகிறது. இரண்டு வருஷம் இன்லண்ட் லெட்டர் வந்தது. பிறகு அவளுக்கும் கல்யாணமாகி, விலாசம் மாறி, நின்றுவிட்டது. "இவளுக்காவது மைக்கைக் குடுத்தாங்க" என்றாள் என் மனைவி, திரையைப் பார்த்தபடியே. முகநூலில் தேடலாமே என்று நான் சொன்னதற்கு, "கல்யாணத்துக்கப்புறம் என்ன பேர்ல இருப்பாளோ" என்று பதில் வந்தது.

சங்கத் தமிழ் படித்த அன்பர்களுக்கு ஒரு விஷயம் நினைவுக்கு வரும். நம் அகப்பாடல்களில் தோழிக்கு இருக்கிற இடம் மிகப் பெரியது. தலைவனிடம் வாதாடுவது, வரைவு கடாவுவது, தாயிடம் பக்குவமாக உண்மையை உடைப்பது, கல்யாணத்துக்குப் பின்னும் ஊடலில் நடுவே நிற்பது எல்லாம் அவள்தான். தொல்காப்பியர் அவளைச் செவிலியின் மகள் என்கிறார். அத்தனை பாட்டில் அத்தனை பேசுகிறாள். ஆனால் அவளுக்கென்று ஒரு காதல், ஒரு கவலை உண்டா? தலைவி போன பிறகு அவள் என்ன ஆனாள்? கேட்டவர் இல்லை. இந்த அமெரிக்கப் படம் தெரிந்தோ தெரியாமலோ தோழியைத் தலைவியாக்கிவிட்டது. மாப்பிள்ளைக்குப் படத்தில் பேசப் பத்து வசனம் இருந்தால் அதிகம்.

படத்தின் நடுவே வசனமே இல்லாத ஒரு காட்சி வருகிறது. ஆனி இரவில் தனியாக ஒரு கப் கேக் செய்கிறாள். ஒரே ஒரு கேக். மாவு பிசைந்து, சுட்டு, மேலே சர்க்கரையால் இதழ் இதழாகப் பூ வைத்து அலங்கரிக்கிறாள். கைத்தொழில் தெரிந்தவளின் கை. முடித்ததும் கொஞ்ச நேரம் அதைப் பார்க்கிறாள். பிறகு தானே தின்றுவிடுகிறாள். கடை மூடிய ஒரு தொழிலாளியைப் பற்றி இதைவிட நன்றாகச் சொன்ன காட்சி எனக்கு வேறு தெரியாது. ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஓய்வு பெற்ற பிட்டர் ஒருவர், வீட்டில் வேலை இல்லாமல் நல்ல நிலையில் இருக்கும் பூட்டைக் கழற்றி எண்ணெய் போட்டு மாட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஹெலனை வில்லியாக விட்டுவிடவில்லை என்பது இந்தப் படத்தின் பெரிய நல்ல குணம். கணவன் எப்போதும் ஊரில் இல்லை. மூத்தாள் பிள்ளைகள் அவளை மதிப்பதில்லை. அவளுக்கு உண்மையான சிநேகிதி ஒருத்திகூட இல்லை. விருந்து நடத்தினால்தான் நாலு பேர் வருவார்கள் என்று நினைக்கிறவள். நம் குடியிருப்புகளிலும் இப்படி ஒரு பெரிய அதிகாரியின் மனைவி இருந்திருப்பார். நவராத்திரிக்குக் கொலு பிரமாதமாக இருக்கும், மறுநாள் அந்த வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆள் இருக்காது.

மற்றொருத்தி மேகன். மாப்பிள்ளையின் சகோதரி, நம் கணக்கில் நாத்தனார்! பருத்த உடம்பு, உரத்த குரல், வெட்கம் என்பதே தெரியாது. மெலிசா மெக்கார்த்தி நடித்திருக்கிறார். எல்லோரும் ஆனியைக் கைவிட்டபோது, வேலையும் அறையும் போய் அம்மா வீட்டில் சோபாவில் சுருண்டு கிடக்கும் அவளைத் தேடி வருகிறவள் இவள்தான். பள்ளியில் தன்னை எல்லோரும் கேலி செய்ததைச் சொல்கிறாள். தனக்காகச் சண்டை போடத் தெரியாதவளா நீ என்று ஆனியை நிஜமாகவே சோபாவில் தள்ளிக் கட்டிப் புரண்டு எழுப்புகிறாள். ஆனியின் அம்மாவாக வருபவர் ஜில் கிளேபர்க். குடிப்பழக்கம் இல்லாமலேயே குடியை விடுவோர் சங்கக் கூட்டத்துக்குத் தவறாமல் போகிற விசித்திரமான அம்மா. நல்ல நடிகை. படம் வெளிவருமுன், 2010 நவம்பரில் காலமாகிவிட்டார்.

கல்யாணத்தன்று மணப்பெண்ணைக் காணோம். ஹெலன், வேறு வழியில்லாமல், ஆனியின் வாசலுக்கு வருகிறாள். பழைய இடங்கள் தெரிந்தவள் ஆனிதானே. ரோட்ஸின் உதவி வேண்டி இருவரும் காரில் அவர் முன்னால் போக்குவரத்து விதிகளை ஒவ்வொன்றாக வேண்டுமென்றே மீறிக் காட்டுவது நல்ல கூத்து. கடைசியில் லில்லியன் தன் வீட்டிலேயே படுக்கையில் ஒளிந்திருக்கிறாள். ஹெலனின் ஏற்பாடுகள் அவளை மூச்சுத் திணற வைத்துவிட்டன. அப்பாவுக்குச் செலவுக் கவலை. சொந்த ஊரை விட்டுப் போவதும் பயமாக இருக்கிறது. விட்டுப் போகிறவளுக்கும் அதே பயம்தான் என்பது ஆனிக்கு அப்போதுதான் கண்ணில் படுகிறது. அலங்காரம் அதிகமாகிப்போன கவுனை ஆனி சரிசெய்து கொடுக்கிறாள். கல்யாணம் நடக்கிறது. தலைமைத் தோழி தன் இடத்தில் நிற்கிறாள்.

குறைகள் இல்லாமல் இல்லை. 125 நிமிஷம் நகைச்சுவைக்கு நீளம். ரீட்டா, பெக்கா என்ற இரண்டு தோழிகளை நன்றாக அறிமுகப்படுத்திவிட்டு, விமானத்துக்குப் பிறகு மறந்துவிட்டார்கள். ஆனியோடு அறையில் தங்கும் அண்ணன் தங்கை வரும் பகுதி எனக்கு ரசிக்கவில்லை. முதல் காட்சியே பேரப்பிள்ளைகளோடு பார்க்கத் தக்கதல்ல, பேச்சும் பல இடங்களில் கொச்சை. அமெரிக்காவில் 17 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் பெரியவர் துணையின்றிப் பார்க்கக் கூடாத வகையில் சான்றிதழ் பெற்ற படம். உறுப்பினர்கள் அதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இந்தப் படத்தின் மீது திரைத்தொழிலில் ஒரு பந்தயமே இருந்தது. பெண்களை வைத்து எடுக்கும் சிரிப்புப் படத்துக்கு ஆண்கள் வர மாட்டார்கள், பணம் வராது என்று ஹாலிவுட்டில் ஒரு கணக்கு உண்டு. இது தோற்றிருந்தால், பின்னால் வரிசையில் நின்ற எத்தனையோ பெண் எழுத்தாளர்களுக்குக் கதவு சாத்தப்பட்டிருக்கும். ஒரு ஆண் நகைச்சுவைப் படம் தோற்றால் அந்தப் படம்தான் தோற்றது என்பார்கள். பெண்கள் படம் தோற்றால் பெண்களே தோற்றார்கள் என்பார்கள். செலவு சுமார் 3 கோடியே 25 லட்சம் டாலர். உலகம் முழுவதும் வசூல் சுமார் 28 கோடியே 80 லட்சம் டாலர். 2012இல் நடந்த ஆஸ்கார் விழாவில் திரைக்கதைக்கும், மெலிசா மெக்கார்த்தியின் துணை நடிப்புக்கும் பரிந்துரை கிடைத்தது. இரண்டும் கைக்கு வரவில்லை. திரைக்கதைப் பரிசை 'மிட்நைட் இன் பாரிஸ்' படத்துக்காக வுடி ஆலன் வாங்கினார். பாரிஸ் அங்கேயும் ஆனிக்குக் கிடைக்கவில்லை!

இவ்வளவு வசூலான படத்துக்கு இரண்டாம் பாகம் எழுதக் கிறிஸ்டன் விக் ஆர்வம் காட்டவில்லை. இரு தோழிகளும் சேர்ந்து அடுத்து எழுதி, தாங்களே ஜோடியாக நடித்த படம் 'பார்ப் அண்ட் ஸ்டார் கோ டு விஸ்டா டெல் மார்'. 2021இல் வந்தது. நடுவயதுச் சிநேகிதிகள் இருவர் சொந்த ஊரை விட்டு ஃப்ளோரிடாக் கடற்கரைக்கு விடுமுறைக்குப் போகிற கதை. அதை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை. என் மனைவி வரும் தீபாவளி லீவுக்கு என்று எடுத்து வைத்திருக்கிறாள்.